பக்குவம் வரும்வரை

நெடுங்கேணியில் யாராவது 'சமயப் பிரச்சினை' என்று பேச்சைத் தொடங்கினால் கேட்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது வெடுக்குநாறிமலைதான். ஒலுமடுப் பக்கத்துக் காட்டுக்குள் இருக்கும் ஆதிலிங்கேசுவரர், தொல்லியல் திணைக்களத்தின் தடைகள், 2023 மார்ச்சில் உடைத்தெறியப்பட்ட விக்கிரகங்கள், 2024 மார்ச் 8ஆம் திகதி சிவராத்திரி இரவில் பொலிஸ் இழுத்துப்போன எட்டுப் பேர், மார்ச் 19இல் வவுனியா நீதிமன்றம் அவர்களை விடுவித்தது என்று கதை வரிசையாக வரும். இந்த விசயத்தில் ஊருக்கு இரண்டு கருத்துக் கிடையாது. ஒருவர் எந்தத் தெய்வத்தை எந்த இடத்தில் எப்படிக் கும்பிடுவது என்பதை வெளியிலிருந்து வந்த இன்னொருவர் தீர்மானிக்க ஏலாது என்று சின்னப் பிள்ளையும் சொல்லும்.

இன்னொரு சமயப் பிரச்சினையும் இந்த ஊரில் இருக்கிறது. அதற்கு ஊர்வலம் இல்லை, மனு இல்லை. உயர்தரம் சித்தியெய்தி, இசட் புள்ளி வந்து, கம்பஸ் கிடைத்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படும் பிள்ளைகளில் சிலரோடு அதுவும் கூடவே போகிறது. தன் மனம் ஆணை நாடுகிறதா பெண்ணை நாடுகிறதா, இருவரையுமா, அல்லது இதெல்லாம் வந்து போகும் ஒரு மயக்கமா என்று தெரியாமல் பத்தொன்பது, இருபது வயதில் தடுமாறும் பிள்ளைகள் அவர்கள். அந்தப் பிள்ளை யாரிடம் போய்ப் பேசலாம்? பேசினால், கேட்பவர் எதைக் காக்கக் கடமைப்பட்டவர்: பிள்ளையையா, குடும்பத்தையா, சமயத்தையா?

பல்கலைக்கழகம் இப்போது தொலைவில் இல்லை. 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தொடங்கியது, 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் என்ற தனிப் பெயரோடு பம்பைமடுவில் இயங்குகிறது. போருக்குப் பின்வந்த ஆண்டுகளில் பம்பைமடு என்றாலே வன்னிச் சனத்துக்குத் தடுப்பு முகாம்தான். இன்று அதே பெயரைச் சொன்னால் பட்டமளிப்பு விழாப் படம் நினைவுக்கு வருகிறது. இந்த மாற்றத்தை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். நெடுங்கேணிப் பிள்ளை புளியங்குளத்துக்கு வந்து ஏ-9இல் ஏறி, வவுனியா நகரைத் தாண்டி மன்னார் வீதியில் இறங்கினால் கம்பஸ். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன. பல வீடுகளில் பல்கலைக்கழகப் படியேறும் முதல் பிள்ளை இதுதான்.

இந்தப் பிள்ளைக்கு நிறுவனம் வைத்திருக்கும் ஏற்பாடு என்ன? இலங்கைப் பல்கலைக்கழகங்களில் 'மாணவ ஆலோசகர்' என்ற பதவி உண்டு. பெயரைக் கேட்டால் உளவளத்துணை படித்த ஒருவர் தனி அறையில் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றும். பெரும்பாலும் அவர் ஒரு விரிவுரையாளர். கற்பித்தலோடு மேலதிகமாகச் சுமக்கும் பொறுப்பு அது. பகிடிவதை முறைப்பாடு, விடுதிச் சண்டை, மகாபொல தாமதம், காதல் முறிவு எல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். காலையில் அவர் விரிவுரை. மாலையில் அவரிடமே மனம் திறக்க வேண்டும். செமெஸ்டர் முடிவில் அவரே விடைத்தாள் திருத்துவார். இதற்கு மேலே, வன்னி சிறிய இடம். விரிவுரையாளரின் மைத்துனர் நெடுங்கேணி மகா வித்தியாலயத்தில் படிப்பிப்பவராக இருக்கலாம். பிள்ளையின் தகப்பனைக் கோயில் திருவிழாவில் கண்டு கதைப்பவராக இருக்கலாம். ஊருக்குள்ளேயே உதவி தேடினால், வவுனியா வடக்குப் பிரதேச செயலகத்துக்குப் போகலாம்; பிரதேச செயலகங்களில் உளவளத்துணைக்கென அரச உத்தியோகத்தர்கள் உண்டு. ஆனால் அரச உதவிக்கும் காணி உறுதிக்கும் வந்து நிற்கும் வரிசையைக் கடந்துதான் அந்தக் கதவைத் தட்ட வேண்டும். யார் எதற்குப் போகிறார் என்று கேட்காத ஊர் உலகத்தில் இல்லை.

மிச்சம் இருப்பது தொலைபேசி. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் மூன்று மொழியிலும் இயங்குகிறது. சுமித்ரயோ 1974 முதல், பெயர் கேட்காமல் காதுகொடுக்கும் பணியைச் செய்கிறது. இவை தன்பாலீர்ப்புக்கென்று உருவானவை அல்ல. ஆனாலும் பெயரைச் சொல்லாமல் பேசலாம் என்ற ஒரு வசதியே இந்த விசயத்தில் பாதி மருந்து.

சட்டம் இந்தத் தயக்கத்தை இன்னும் இறுக்குகிறது. 1883இல் வெள்ளைக்காரன் தந்துபோன தண்டனைச் சட்டக்கோவையில் தன்பாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. 1995இல் அந்தக் கோவையைத் திருத்தப் போன நாடாளுமன்றம், 365அ பிரிவில் 'ஆண்' என்று இருந்த இடத்தில் 'ஆள்' என்று போட்டது. அதுவரை தப்பியிருந்த பெண்களும் அதோடு உள்ளே வந்தார்கள். சீர்திருத்தம் என்ற பெயரில் நடந்த வேடிக்கைகளில் இது முதல் வரிசையில் வைக்கத் தக்கது. தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காக இயங்கும் ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பின் நிறுவனர் றொசானா பிளேமர்-கல்தேரா ஐ.நா.வின் பெண்களுக்கெதிரான பாரபட்ச ஒழிப்புக் குழுவிடம் முறையிட்டு, 2022இல் இலங்கை அவருடைய உரிமைகளை மீறியது என்ற முடிவைப் பெற்றார். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் இந்தப் பிரிவுகளை நீக்க முயன்றது. பண்பாடும் ஒழுக்கமும் கெட்டுவிடும் என்று எதிர்த்துப் போனவர்களின் மனுக்களை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்றது. 2023 மே 9ஆம் திகதி அந்த முடிவு நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. வாக்கெடுப்புக்கு வராமலேயே 2024இல் நாடாளுமன்றம் கலைந்தது. சட்டமூலமும் அதோடு போனது.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்தப் பிரிவுகள் தண்டிப்பது செயலை. ஒரு மாணவன் தன் மனதைப் பற்றிப் பேசுவதையோ, ஒரு விரிவுரையாளர் அதைக் கேட்பதையோ எந்தப் பிரிவும் குற்றமாக்கவில்லை. 'சட்டச் சிக்கல் வரும்' என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறவர்கள் சட்டத்தை வாசிக்கவில்லை, அல்லது சாத்துவதற்கு ஒரு சாட்டுத் தேடுகிறார்கள்.

சாட்டுகளில் பெரியது சமயம். 'எங்கட சைவத்தில இதுக்கு இடமில்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். மறுபக்கத்தில் நிற்பவர்களும் ஒரு வரியில் பதில் வைத்திருக்கிறார்கள்: அர்த்தநாரீசுவரர். திருச்செங்கோட்டில் பாதி ஆண் பாதி பெண்ணாக நிற்கும் மூர்த்தி, மோகினியாகிய திருமால், பன்றிக்குட்டிகளுக்குப் பால் கொடுத்த சொக்கநாதர், திருச்சிராப்பள்ளியில் பிரசவம் பார்க்கத் தாய் வடிவில் வந்த தாயுமானவர், கூவாகத்தில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கைகள் என்று பட்டியல் நீளும். அழகான பட்டியல். ஆனால் பம்பைமடு விடுதியில் தூக்கம் வராமல் புரளும் பிள்ளைக்கு இது அவ்வளவாக உதவாது. இந்தக் கதைகள் வடிவம் மாறுவதைப் பற்றியவை. ஓர் ஆண் இன்னோர் ஆணை விரும்புவதைப் பற்றியவை அல்ல. தெய்வத்தின் திருவிளையாடலைப் பாடிப் பரவசப்படும் அதே வாய், வீட்டுப் பிள்ளையை நாக்கூசாமல் ஏசும். சந்நிதியில் அர்த்தநாரியைக் கும்பிட்டு வந்த கையோடு திருநங்கை ஒருத்திக்கு வாடகை வீடு மறுத்தவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு, இங்கேயும் உண்டு.

சைவத்திடம் உண்மையான கேள்வியைக் கேட்க வேண்டுமென்றால் கதையைவிட்டுச் சாத்திரத்துக்குப் போக வேண்டும். மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களே உள்ள சிறிய நூல், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் வழிவந்த சித்தாந்தம் உயிர் என்பதற்கு ஆண் பெண் என்ற வேறுபாட்டை வைக்கவில்லை. உடம்பும் கருவிகளும் உலகமும் நுகர்ச்சியும், அதாவது தனு கரண புவன போகம், மாயையிலிருந்து உயிருக்குக் கொடுக்கப்படுகின்றன. ஆண், பெண் என்பது தனுவோடு வருவது. விருப்பத்துக்கும் சித்தாந்தம் இடம் வைத்திருக்கிறது: முப்பத்தாறு தத்துவங்களில் அராகம் ஒன்று. உயிர் எதையாவது விரும்பும்படி தூண்டுவது அதன் வேலை. எதை விரும்பலாம், எதை விரும்பக்கூடாது என்று அராகத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றை இயற்கை என்றும் மற்றதை விகாரம் என்றும் தத்துவக் கணக்கு எழுதி வைக்கவில்லை. விருப்பம் எல்லாமே கட்டுத்தான். கலியாணம் செய்து ஏழு பிள்ளை பெற்றவருடைய ஆசையும் பாசத்தின் பாற்பட்டதே. இந்த இடத்தில் சித்தாந்தம் யாருக்கும் சலுகை காட்டவில்லை. அதனாலேயே யாரையும் தனியே பிடித்துக் குற்றவாளிக் கூண்டிலும் ஏற்றவில்லை.

இதைவிட முக்கியமானது பக்குவம் என்ற கொள்கை. மலம் பரிபாகமடையும் நேரம் உயிருக்கு உயிர் வேறு. அந்த நேரம் வரும்போதுதான் சத்திநிபாதம் நிகழும், குரு வருவார். இன்னோர் உயிரின் பக்குவத்தைத் தாய் தகப்பன்கூட அவசரப்படுத்த முடியாது. அதன் வினையை அதுவே நுகர்ந்து தீர்க்க வேண்டும். இவ்வளவையும் ஒப்புக்கொள்கிற ஒரு சமயம், 'நீ யார் என்பதை இன்றைக்கே சொல், நாளைக்கே மாறு' என்று ஒரு பிள்ளையை நெருக்குவதை எந்த நியாயத்தில் ஏற்கும்? அவசரமில்லாமல், தீர்ப்பில்லாமல் ஒருவர் பேசக் கேட்டிருக்கும் ஓர் அறை மேற்கிலிருந்து வந்த புதுமை போலத் தெரியலாம். சித்தாந்தத்தின் கண்ணில் அது குருவின் வேலையில் முதற்படி. குருவும் முதலில் சீடனின் பக்குவத்தை அறிந்துகொள்கிறார், உபதேசம் பிறகுதான்.

அப்படியென்றால் 'இடமில்லை' என்ற வரி எங்கிருந்து வந்தது? ஆறுமுக நாவலர் (1822–1879) காலத்து யாழ்ப்பாணத்தைப் பார்க்க வேண்டும். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர் நாவலர். மிசனரிகளின் வினாவிடை முறையையும் பள்ளிக்கூட முறையையும் அருகிலிருந்து கண்டு, அதே கருவிகளால் சைவத்தைக் காத்தார். அவருடைய பாலபாடங்களும் சைவவினாவிடைகளும் மூன்று நான்கு தலைமுறைக்குச் சைவம் என்றால் என்ன என்பதைக் கற்பித்தன. அந்தக் காப்பு இல்லாவிட்டால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று சொல்ல முடியாது. அதோடு, எதிராளியின் ஒழுக்கக் கண்ணாடியையும் கொஞ்சம் போட்டுக்கொண்டுதான் அந்தச் சைவம் வளர்ந்தது. கோயிலில் தாசிகளின் ஆட்டம் கூடாது என்ற போராட்டம் அதற்கு ஒரு சாட்சி. நாவலர் மறைந்து நான்கு ஆண்டுகளில் தண்டனைச் சட்டக்கோவை வந்தது. விக்டோரியா மகாராணி காலத்து வெட்கம் சட்டமாகவும் ஒழுக்கமாகவும் இரண்டு வழியால் ஊருக்குள் வந்து, நூறு வருடத்தில் 'எங்கட பண்பாடு' ஆகிவிட்டது.

இவ்வளவு சொன்ன பிறகும், 'அப்ப கலியாணம்?' என்ற ஒரு தாயின் கேள்விக்கு விடை வந்துவிடவில்லை.

வன்னியில் அந்தக் கேள்வி வேறெங்கும் இல்லாத பாரத்தோடு வரும். 2008, 2009இல் நெடுங்கேணிச் சனம் ஊர்விட்டு ஊர் ஓடி, மாத்தளன், முள்ளிவாய்க்கால் கடந்து, செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் வந்து விழுந்தவர்கள். மூன்று பிள்ளை இருந்த வீட்டில் ஒன்று மிஞ்சியது. அந்த ஒன்று படித்தது, கம்பஸ் போனது. அதன் கலியாணம் தாய்க்குச் சடங்கு மட்டுமா? போனதுகளுக்குப் பதிலாக வீட்டுக்கு வரப்போகும் உயிர்கள், தகப்பனின் திதிக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஒரு கை, தனக்குக் கொள்ளி வைக்க ஒரு பேரன். கொழும்பில் உட்கார்ந்து உரிமை பேசுகிறவர்களுக்கு இந்தப் பாரம் விளங்காது என்று தாய்மார் நினைத்தால் அதில் பிழையில்லை. மாணவனுக்கு உதவ வருகிற எவரும் இந்தத் தாயைப் 'பிற்போக்கு' என்று ஒதுக்கினால், அவர் வன்னியில் ஒரு நாளும் உதவ முடியாது.

ஆனால் அந்தப் பாரத்தைத் தூக்க இன்னொரு வீட்டுப் பெண்ணைக் கொண்டுவருவது எப்படி அறமாகும்? 'கட்டி வைச்சாச் சரியாயிடும்' என்று பேச்சுக்கால் தொடங்கும்போது, சாதகம் பார்க்கப்படுகிறது, சீதனம் பேசப்படுகிறது. மாப்பிள்ளையின் மனம் எங்கே இருக்கிறது என்று மட்டும் பெண்ணுக்குச் சொல்லப்படுவதில்லை. வள்ளுவர் வாய்மைக்குக் கொடுக்கும் இலக்கணம் பிறருக்குத் தீங்கு பயக்காத சொல் என்பது. அந்த அளவுகோலால் அளந்தால், பிள்ளையின் அந்தரங்கத்தை ஊருக்குச் சொல்லாமல் காப்பது வாய்மைக்குள் அடங்கும்; மணமேடையில் ஒரு பெண்ணுக்கு மறைப்பது அடங்காது. அவளும் ஒரு தாயின் மிஞ்சிய பிள்ளையாக இருக்கக்கூடும்.

சில வீடுகளில் பேச்சுக்காலுக்கு முன்னர் வேறு வழிகளும் தேடப்படும். சாத்திரி தோசம் என்பார், பரிகாரம் சொல்வார். ஜெபக்கூட்டத்தில் பிசாசு துரத்தப்படும். வசதி உள்ளவர்கள் 'மாற்றித் தருகிற' வைத்தியரைத் தேடுவார்கள். உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17ஆம் திகதியே தன்பாலீர்ப்பை நோய்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நோயல்லாததற்கு மருந்து கொடுப்பவரை என்ன பெயரால் அழைப்பது என்பதை வாசகரே முடிவுசெய்யட்டும்.

கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைக்கு நிலைமை சற்று வேறு. மடுமாதா நிழலில் வளர்ந்த கத்தோலிக்கப் பிள்ளைக்குத் திருச்சபையின் நிலைப்பாடு எழுத்திலேயே தெரியும். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் அத்தகைய உறவைப் பிழை என்கிறது. அடுத்த பத்தியிலேயே அத்தகையவர்களை மதிப்போடும் இரக்கத்தோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கக்கூடாது என்கிறது. பிள்ளைக்கு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வாழ்க்கை. இருந்தாலும் அந்தப் பிள்ளைக்குச் சைவப் பிள்ளைக்கு இல்லாத ஒன்று இருக்கிறது: பாவசங்கீர்த்தனத் தொட்டி. அங்கே சொன்னதைச் சுவாமியார் யாருக்கும், எந்த நிலையிலும் வெளியிட முடியாது. திருச்சபைச் சட்டம் அதை மீறமுடியாத கடமையாக வைத்திருக்கிறது. சைவக் கோயிலில் ஐயரிடம் அர்ச்சனைக்கு நட்சத்திரம் சொல்லலாம்; மனதில் இருப்பதைச் சொல்ல ஏற்பாடு இல்லை. மந்திரத்தை மறைத்துக் காக்கத் தெரிந்த மரபு, சீடனின் மனதை மறைத்துக் காக்கும் கடமையைப் பற்றி அதிகம் பேசவில்லை. சைவ அமைப்புகள் யோசிக்க வேண்டிய குறை இது.

பல்கலைக்கழகங்களில் இந்த உதவி எப்படித் தொடங்கியது என்று தேடினாலும் சமயக்காரர்கள் எதிர்ப்படுகிறார்கள். நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1967 ஏப்ரலில் தன்பாலீர்ப்பு மாணவர்களின் சங்கம் ஒன்று முதன்முதலாக அங்கீகாரம் பெற்றது. தொடங்கியவர் ரொபேட் மார்ட்டின் என்ற மாணவர். ஸ்டீபன் டொனால்ட்சன் என்ற புனைபெயரில் இயங்கினார். விடுதியில் கூட இருந்தவர்கள் அவரோடு இருக்க மாட்டோம் என்று வெளியேற்றியிருந்தார்கள். சங்கம் பதிய வேண்டுமானால் அங்கத்தவர் பெயர்ப்பட்டியல் கொடு என்றது நிர்வாகம். பெயர் கொடுத்தால் பிள்ளைகளின் எதிர்காலம் போய்விடும். கொடுக்காவிட்டால் சங்கம் இல்லை. கடைசியில், தன்பாலீர்ப்பு இல்லாத, வளாகத்தில் பேர்பெற்ற மாணவத் தலைவர்கள் சிலர் தங்கள் பெயரைக் கொடுத்தார்கள். ஒளிய வேண்டியவர்கள் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். பக்கபலமாக நின்றவர் பல்கலைக்கழகச் சமயகுரு ஜோன் கெனன். அடுத்த ஆண்டு கோர்ணல் பல்கலைக்கழகத்தில் இதே போன்ற சங்கம் தொடங்கியபோது அதற்கு ஆலோசகராக இருந்தவர் டானியல் பெரிகன் என்ற யேசுசபைக் குருவானவர். வியட்நாம் போருக்கு ஆள்சேர்க்கும் கோப்புகளை எரித்து மறியலுக்குப் போனாரே, அவரேதான். 1971இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் சம்பளம் கொடுத்து ஆள் வைத்து ஓர் அலுவலகத்தைத் திறந்தது. சட்டமும் மருத்துவமும் அன்று அங்கே எதிர்ப்பக்கத்தில்தான் நின்றன. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் தன் நோய்ப்பட்டியலைத் திருத்தியது 1973இல்.

அந்தக் குருமார்கள் தங்கள் திருச்சபைப் போதனையை அதற்காகக் கைவிட்டார்களா என்ற கேள்வியைவிட, அவர்கள் செய்தது என்ன என்பது முக்கியம். பெயர் காத்தார்கள், இடம் கொடுத்தார்கள், கூட நின்றார்கள். கேட்பது ஒப்புதல் ஆகாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தமிழ் நிலத்துக்கு வந்தால் 2021 சென்னை. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம் பெண்கள், ஒருவரையொருவர் விரும்பி வீட்டைவிட்டு வந்து, பெற்றோரும் பொலிசும் தொந்தரவு செய்யாமல் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். வழக்கைக் கேட்டவர் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ். தனக்கு இந்த விசயம் விளங்கவில்லை என்பதை அவர் தீர்ப்புக்கு முன்னரே திறந்து சொன்னார். பெண்களையும் பெற்றோரையும் உளவளத்துணைக்கு அனுப்பியதோடு நிற்காமல், உளவியலாளர் வித்யா தினகரனிடம் தானே மாணவனாகப் போய் உட்கார்ந்தார். எத்தனையோ பேருக்குத் தண்டனை எழுதிய கை, 'எனக்குச் சொல்லித்தாருங்கள்' என்று கொப்பியை விரித்தது. ஜூன் 7ஆம் திகதி வந்த உத்தரவு, 'மாற்றும் வைத்தியம்' என்ற பெயரிலான முயற்சிகளைத் தடைசெய்தது. பொலிஸ், மருத்துவம், கல்வி என்று பல துறைகளுக்கும் பயிற்சி தரச் சொன்னது. அடுத்த ஆண்டு இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் அந்த வைத்தியத்தைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே மாணவர்களும் இளைஞர்களும் தாங்களாகச் சில வழிகளைத் திறந்திருந்தார்கள்: 2003இல் சென்னையில் தொடங்கிய ஓரினம் என்ற குழு தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியது; மதுரை அமெரிக்கன் கல்லூரி மாணவராக இருந்த கோபி ஷங்கர் 2011இல் சிருஷ்டி மதுரையைத் தொடங்கினார். அவர் இளவயதில் இராமகிருஷ்ண மடத்தில் துறவறம் பயின்றவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நீதியரசர் செய்தது சமய மொழியில் சொன்னால் ஒரு தீட்சை. அறியாமையை ஆணவம் என்று சைவம் சொல்லும். அதை ஒப்புக்கொள்வதுதான் முதல் விளக்கு.

தீர்ப்பில்லாமல் கேட்டிருக்கும் இந்தக் கலை வன்னிக்குப் புதிது என்று யாரும் எண்ண வேண்டாம். 2009இற்குப் பிறகு இங்கே வேலைசெய்த உளசமூகப் பணியாளர்கள் பலர் உள்ளூர்ப் பெண்கள். காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மாரோடு அவர்கள் எத்தனையோ பொழுதுகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தத் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய வீதியோரப் போராட்டம் ஆண்டுக்கணக்காக நீண்டது. 'மகன் இருக்கிறானா இல்லையா' என்று கேட்கும் தாய்க்கு 'இருக்கிறான்' என்றும் சொல்ல முடியாது, 'போய்விட்டான்' என்றும் சொல்ல முடியாது. திதி கொடு என்று நெருக்குவதும் பாவம். பொய் நம்பிக்கை கொடுப்பதும் பாவம். தெரியாததைத் தெரியாததாகவே வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும். உலகத்தில் மிகக் கடினமான இந்த வேலையைப் பெரிய பட்டம் இல்லாத எத்தனையோ வன்னிப் பெண்கள் செய்துகாட்டினார்கள்.

தான் எந்தப் பக்கம் என்று இன்னும் தெரியாத மாணவனுக்கும் இதே பொறுமைதான் தேவை. அவனுக்கு 'நீ தன்பாலீர்ப்பாளன்தான், துணிந்து வெளியே சொல்' என்று பட்டம் கட்டுவதும் அவசரம்; 'வயசுக் கோளாறு, போயிடும்' என்று தட்டிவிடுவதும் அவசரம். இரண்டு அவசரமும் ஒரு உயிரின் பக்குவத்தில் கைவைப்பதுதான். உரிமை இயக்கத்தவர்களுக்கும் இதைச் சொல்லத்தான் வேண்டும்: யாழ்ப்பாண நகரில் அண்மைய ஆண்டுகளில் வானவில் கொடியோடு நடந்தவர்களின் துணிச்சலுக்கு மதிப்பு உண்டு, ஆனால் நெடுங்கேணிப் பிள்ளை நடக்கத் தயாராகும் முன்னர் பல இரவுகள் இருக்கின்றன. நடக்காமலே வாழ முடிவெடுத்தாலும் அது அந்தப் பிள்ளையின் முடிவு.

பம்பைமடுவில் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. எதற்கும் நாடாளுமன்ற அனுமதி வேண்டாம். பாடம் நடத்தாத, விடைத்தாள் திருத்தாத ஒருவர் உளவளத்துணைக்கு இருக்க வேண்டும். தமிழ், சிங்களம் இரண்டும் தெரிந்தவராக இருந்தால் நல்லது, ஏனென்றால் அங்கே மூன்று இனத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். பகிடிவதைக்கு எதிரான வேலையில் இந்த விசயமும் சேர வேண்டும். 1997இல் பேராதனையில் வரப்பிரகாஷ் என்ற பொறியியல் மாணவன் பகிடிவதையால் இறந்த மறு ஆண்டு, 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சீனியர்மாரின் பகிடியில் உடம்பும் பாலும்தான் இன்னும் முதல் ஆயுதம். நடை கொஞ்சம் மெல்லியதாக உள்ள முதல் வருடப் பையன் யாருக்கு முதலில் அகப்படுவான் என்று விடுதியில் இருந்த எவருக்கும் தெரியும்.

பெற்றோர் தொலைபேசி எடுக்கும்போது என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். 'சேர், பிள்ளை உங்களிட்ட வந்ததாம், என்ன சொன்னது?' என்று நெடுங்கேணியிலிருந்து ஒரு தகப்பன் கேட்பார். அவர் வில்லன் இல்லை, பயந்தவர். 'பிள்ளை சொன்னதைப் பிள்ளையிட்டத்தான் கேக்கவேணும் ஐயா. நீங்கள் பயந்து போயிருக்கிறியள் எண்டால் உங்களோடயும் நான் கதைக்கிறன், வாங்கோ' என்று விரிவுரையாளர் சொல்லப் பழக வேண்டும். இந்த இரண்டு வசனத்தில் முதலாவதை மட்டும் சொன்னால் தகப்பன் அடுத்த பஸ்ஸில் விடுதி வாசலுக்கு வருவார். இரண்டாவதை மட்டும் சொன்னால் பிள்ளை இனி அந்த அறைப்பக்கமே வராது. குருக்கள்மாருக்கும் பாதிரிமாருக்கும் பள்ளிவாசல் மௌலவிமாருக்கும் இதே பயிற்சியைப் பல்கலைக்கழகமும் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவும் சேர்ந்து கொடுக்கலாம். விடுமுறையில் வீடு திரும்பும் பிள்ளைக்கு முன்னால் இருப்பது விரிவுரையாளர் அல்ல; ஊர்க் கோயில் ஐயரும் பங்குச் சுவாமியும்தான், அவர்களிடம் தாய் முதலில் போய்க் கேட்கப்போவது எந்தக் கிழமையில் சாந்தி செய்யலாம் என்பதைத்தான்.